எந்த பஸ் முதலில் வருகிறதோ

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மாவுக்கு ரப்பர்ப் பால்வாளி தூக்கப் போய்விடுவேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. லோரியில் கெலிண்டானாக, டிரைவருக்கு எடுபிடியாக ஏறி, சாமான் இறக்கி, டயர் கழற்றப் பழகி, ஈப்போவில் பெரிய ரோட்டோரம் சொந்த டயர் கடையும் அதன் பின்னால் கல்வீடும் கட்டியவன் நான். நாலாம் வகுப்பை ஒளித்து வைக்க எனக்கு என்ன தலையெழுத்து?

எனக்கு எவனும் கணக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எழுபதுகளில் தைப்பிங்கிலிருந்து சிலிம் ரிவர் வரை ஓடுகிற லோரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கணக்குப் புதிர் என்றால் ஈப்போ டயர் கடைக்காரனிடம் போ என்பார்கள். எழுதிப் போடுகிற கணக்கு அல்ல. தலைக்குள்ளேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கணக்கு.

கடைக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை இருந்தது. ஒரு தீபாவளிக்கு அங்கே கேரம் போட்டி வைத்தார்கள். தோற்றவன் வெளியே போய்விட வேண்டும், கடைசியில் நிற்பவனுக்குக் கோப்பை. முப்பத்தேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். மொத்தம் எத்தனை ஆட்டம் வரும் என்று தெரிந்தால்தான் பலகையை எத்தனை நாளைக்கு வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்யலாம். நாலைந்து பேர் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜோடி சேர்த்து, ஜோடி இல்லாமல் மிஞ்சுகிற ஒருவனை எங்கே உட்கார வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே போய், "முப்பத்தாறு ஆட்டம்" என்றேன்.

"அண்ணே, கட்டமே போடல. எப்படி லா?"

"நீங்கல்லாம் ஜெயிக்கறவன எண்ணுறீங்க. நான் தோக்கறவன எண்ணுறேன். ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தன் தோப்பான். கடைசியில ஒருத்தன் நிக்கணும்னா மத்தவன் அத்தன பேரும் ஆளுக்கு ஒரு தடவ தோத்தே ஆகணும். முப்பத்தாறு பேரு தோக்கணும்னா முப்பத்தாறு ஆட்டம். இதுக்கு எதுக்குடா கட்டம்?"

அவர்கள் கட்டத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். முப்பத்தாறு. கடையே கை தட்டியது.

"தோக்கறவன எண்ணுறதுல அண்ணனுக்கு நல்ல பழக்கம் லா," என்றான் ஒரு லோரிக்காரன். "அண்ணன் கேரம் ஆடி ஜெயிச்சு நான் பாத்ததே இல்ல!"

சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த வருஷம் கோப்பை யாருக்குப் போனது என்று இன்றைக்கு எவனுக்கும் ஞாபகமில்லை. என் முப்பத்தாறு எல்லாருக்கும் ஞாபகமிருக்கிறது.

என் வழி இதுதான். எல்லாரும் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், யாரும் பார்க்காத பக்கத்துக்குப் போய் நின்று பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு புதிர் போடுவேன். ஒரு காருக்கு ஸ்பேரோடு சேர்த்து ஐந்து டயர். ஐந்தும் சமமாகத் தேய வேண்டும் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஐயாயிரம் மைல் ஓட்டினால், ஒவ்வொரு டயரும் எத்தனை மைல் ஓடியிருக்கும்? பெருக்குவார்கள், வகுப்பார்கள், தலையைச் சொறிவார்கள். ஓடுகிற டயரை ஏன் பார்க்கிறாய், தூங்குகிற டயரைப் பார். எப்போதும் ஒரு டயர் தூங்குகிறது. ஐயாயிரம் மைல் தூக்கத்தை ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஆயிரம். மிச்சம் நாலாயிரம் ஓட்டம். முடிந்தது.

இப்படிப்பட்ட தலையை வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக் கணக்கு ஒன்றில் பல வருஷம் ஏமாந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா போன பிறகு அம்மா தோட்டத்திலேயே இருந்தார். கையில் தெம்பு குறைந்ததும் பால்வெட்டை விட்டுவிட்டு, வெட்டுக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் வேலை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு வீடு. தோட்டத்து மண் ரோடு வந்து பெரிய ரோட்டில் சேருகிற சந்தியில், மைல் எண் போட்ட கட்டைக் கல்லுக்குப் பக்கத்தில், தகரம் போட்ட பஸ் கொட்டகை. அதன் வலப்பக்கம் போனால் ஈப்போ, என் வீடு. இடப்பக்கம் போனால் சுங்கை சிப்புட், அண்ணன் வீடு. சந்தி ஏறக்குறைய நடுவில்.

அண்ணனுக்குப் பலகை ஆலையில் வேலை. பலகை வீடு, வீடு நிறையப் பிள்ளைகள். அண்ணிக்கு மூச்சிரைப்பு, நாலு துணி துவைத்தால் சுவரில் சாய்ந்துவிடுவார். எனக்கு ஒரே பிள்ளை, கல்வீடு, கூடத்தில் டிவி, குளியலறையில் துணி துவைக்கிற மெஷின். அம்மாவுக்கென்று ஃபேன் போட்ட ஓர் அறை. இதில் எந்த வீட்டுக்கு ஒரு தாய் வருவாள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவின் முதல் திவசத்தன்று லயத்து வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு முற்றிவிட்டது. என்னிடம் வரட்டும் என்றேன் நான். மூத்தவன் நான் இருக்கும்போது என்றான் அவன். வந்தவர்கள் சாப்பாட்டுக் கையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றார் அம்மா. "ஆயாக்கொட்டாய விட்டு நான் எங்கயும் வரல. ஞாயித்துக்கெழம லீவு. அன்னிக்கு வாரேன்."

"யாரு வீட்டுக்கு?"

"சந்தியில போயி நிப்பேன். எந்த பஸ்ஸு முதல்ல வருதோ அதுல ஏறுவேன். ஈப்போ பஸ்ஸு வந்தா உன் வீடு, சிப்புட் பஸ்ஸு வந்தா அவன் வீடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எதுக்கும்மா பஸ்ஸு? நான் கார் எடுத்துட்டு வாரேன்."

"நீ காரு வெச்சிருக்கேன்னு உங்கூட வந்தா, மோட்டர் சைக்கிள் வெச்சிருக்கறவன் என்னா பண்ணுவான்? பஸ்ஸு பொது. இனிமே எவனும் என்னைக் கூப்புட லயத்துக்கு வரக்கூடாது."

சபையில் சொன்ன சொல். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அதுவே சட்டமாகிவிட்டது. அண்ணனும் மீறவில்லை, நானும் மீறவில்லை.

அம்மாவிடம் கடிகாரம் கிடையாது. ஞாயிறன்று கோழிக்கு வைத்து, துணி அலசிப் போட்டு, தலை சீவி, வேலை எப்போது முடிகிறதோ அப்போது கிளம்புவார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு. எனவே பஸ் எது முதலில் வரும் என்பது அவர் கையில் இல்லை. இரண்டு பக்கமும் மணிக்கு ஒரு பஸ். ஆக, பாதி ஞாயிறு அவனுக்கு, பாதி எனக்கு என்றுதானே ஆக வேண்டும்?

ஆகவில்லை. ஆறு ஞாயிறு போனால் ஐந்து அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் விடலாம். வருஷக்கணக்கில் இதே கதை. ஞாயிறு காலையில் பசாருக்குப் போய் நல்ல ஆட்டுக்கறியாகப் பார்த்து வாங்கி வருவேன். கடை முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். பஸ் வந்து நிற்கும். யார் யாரோ இறங்குவார்கள்.

"கறி ஆறிப் போச்சு," என்பாள் என் மனைவி உள்ளேயிருந்து. "உங்க அம்மா பஸ்ஸு இன்னிக்கும் அந்தப் பக்கமே திரும்பிருச்சு போல."

எனக்குப் பாதி வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு நானும் அவனும் ஒன்றா இல்லையா, அது மட்டும் தெரிய வேண்டும். அதைப் போய் ஒருவரிடம் கேட்க முடியுமா? கேட்டால் ஒன்றுதான் என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்கிற காரியம் இல்லை அது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிறு விடிந்ததும் சந்திக்குப் போனேன். அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல், லயத்தைவிட்டு வரமாட்டார் என்று தெரிந்துதான் போனேன். பஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். தமிழர்தான், எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னா தம்பி, காரு ரிப்பேரா? பஸ்ஸுக்கு உக்காந்திருக்கீங்க?"

"பஸ்ஸத்தான் நானா ரிப்பேர் பாக்க வந்திருக்கேன்."

முதல் இரண்டு மணி நேரம் நானும் எல்லாரையும் போல முட்டாளாகத்தான் இருந்தேன். வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. சமம்தான். மூன்றாவது தேத்தண்ணி வந்தபோது சிப்புட் பஸ் போனது. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஈப்போ பஸ் வந்து போனது. அதற்குப் பிறகு ரோடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நானா ஒரு கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, துண்டு போட்டு, மஞ்சள் தடவி முடித்தார். பஸ் இல்லை. அடுத்து வந்தது மறுபடி சிப்புட் பஸ்.

எழுந்து நின்றுவிட்டேன். அடே, பஸ்ஸை ஏன் பார்க்கிறாய், பஸ் இல்லாத நேரத்தைப் பார்!

சிப்புட் பஸ் போன பத்து நிமிஷத்தில் ஈப்போ பஸ். அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம் ஒன்றும் கிடையாது. கடிகாரம் பார்க்காமல் ஒரு ஆள் நடந்து வந்தால், அந்தப் பெரிய ஐம்பது நிமிஷத்தில் வந்து சேர்வானா, அந்தச் சின்னப் பத்து நிமிஷத்திலா? பெரியதில்தான். பெரியதில் வருகிறவனுக்கு முதலில் வருவது சிப்புட் பஸ். பத்து நிமிஷத்துக்குள் வருகிறவனுக்கு மட்டும்தான் ஈப்போ பஸ். ஆறில் ஐந்து அவனுக்கு, ஒன்று எனக்கு. என் வீட்டுக் கணக்கு அச்சாக விழுந்தது! அம்மா பாரபட்சம் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

"என்னா தம்பி சிரிக்கறீங்க?"

நானாவுக்கு விளக்கினேன். அவர் மஞ்சள் கையோடு கேட்டுக்கொண்டார். "நல்ல மூளை தம்பி," என்றார். அப்புறம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைக் கவனிப்பான்?

அடுத்த ஞாயிறு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருந்தார், வாசல்படியில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பிள்ளைகள். கொடியில் வரிசையாகப் பள்ளிக்கூடச் சட்டைகள். நான் துணி மாட்டுகிற கிளிப்புகளை எடுத்துத் தரையில் பஸ் மாதிரி அடுக்கி எல்லாருக்கும் விளக்கினேன்.

அண்ணன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். "ஆக, அம்மாவுக்கு உன் மேல பாசம் இருக்குன்னு பஸ் கம்பெனி சொல்லிருச்சு?"

"கிண்டல் பண்ணாதண்ணே. கணக்கு சொல்லுது."

"சரி லா. கணக்கு சொன்னா சரி. உக்காரு, சாப்புடு."

அம்மா கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். "ஈரத் துணி கெடக்கு," என்றார்.

இருந்தாலும் அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் லேசாகிவிட்டன. மனைவி குத்தினால், "பத்து நிமிஷத்துக்குள்ள வந்தாத்தானே நமக்கு" என்று பதில் சொல்வேன். கோப்பிக் கடையில் இதை ஒரு புதிராகவே போட்டேன். ஒரு ஆள், இரண்டு வீடு, இரண்டு பஸ். யாராலும் அவிழ்க்க முடியவில்லை. நான் அவிழ்த்துக் காட்டியதும் கேரம் போட்டிக்குத் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். பஸ்காரர்கள் நேரத்தை மாற்றினார்கள். என் கடை முன்னால் நிற்கிற கண்டக்டர்தான் சொன்னான். நான் அவனை விடாமல் நிறுத்தி, சந்தியில் எது எப்போது என்று இரண்டு முறை கேட்டேன். தலைகீழாக மாறியிருந்தது. இனி சந்திக்கு முதலில் வருவது ஈப்போ பஸ். அதற்குப் பத்து நிமிஷம் கழித்து சிப்புட் பஸ். பிறகு நீண்ட வெற்று நேரம். அதன் முடிவில் மறுபடி ஈப்போ பஸ்.

கணக்குத் தெரிந்தவனுக்கு அது லாட்டரி விழுந்த மாதிரி. இனி ஆறில் ஐந்து எனக்கு. அந்த வாரமே அம்மாவின் அறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். மனைவியிடம், "இனிமே கறி கூடுதலா வாங்கணும்" என்றேன். "வரட்டும் பாக்கலாம்," என்றாள்.

முதல் ஞாயிறு வரவில்லை. சரி, சின்ன இடைவெளியில் மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாவது ஞாயிறும் இல்லை. அப்படியும் நடக்கும், சீட்டாட்டத்தில் ஒரே சீட்டு அடுத்தடுத்து விழுவதில்லையா? மூன்றாவதும் இல்லை. நாலாவதற்குப் பிறகு மனைவி குத்துவதையே நிறுத்திவிட்டாள். குத்தியதைவிட அதுதான் எனக்கு வலித்தது. கறிச்சட்டியை மூடி அடுப்போரம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கணக்கு தப்பாது. ஆகவே பஸ் சந்தியில் நிற்காமல் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. அடுத்த ஞாயிறு காரை நானா கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

"நானா, ஈப்போ பஸ்ஸு இங்க நிக்குதா இல்லையா?"

"நிக்குது தம்பி."

"அப்ப எங்க அம்மா ஏன் ஏறல?"

நானா கிளாஸைக் கழுவினார். கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினார்.

"கேக்கறீங்க, அதனால சொல்றேன். என்னைக் கோவிச்சுக்கக் கூடாது. அம்மா இந்த பெஞ்சிலதான் வந்து உக்காருவாங்க. ஈப்போ பஸ்ஸு வரும். கண்டக்டர் 'ஏறு பாட்டி'ன்னு கூப்புடுவான். 'கால் மரத்துப் போச்சுப்பா, நீ போ'ன்னுருவாங்க. அப்புறம் சிப்புட் பஸ்ஸு வந்தா கால் சரியாயிரும்."

"நேரம் மாத்துனதுக்கு அப்புறமா?"

"முன்னாடியும் அப்படித்தான் தம்பி. ஈப்போ பஸ்ஸு முதல்ல வந்துட்டா எங்கிட்ட ஒரு தேத்தண்ணி வாங்குவாங்க. அத ஊதி ஊதிக் குடிச்சே ஒரு மணி நேரத்த ஓட்டிருவாங்க. நீங்க அன்னிக்கு அவ்வளவு சந்தோசமா கணக்கு சொன்னீங்க. எனக்கு வாய் வரல."

என் தலை ஓடத் தொடங்கியது. பழக்கம் போகாதே! அப்படியானால் ஆறில் ஒரு ஞாயிறு என்னிடம் வந்தாரே, அது எந்த ஞாயிறு? ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினேன். அண்ணி வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் எல்லாரும் சிலிம் ரிவர் போன ஞாயிறு. தைப்பிங்கில் அண்ணியின் அக்காளைப் பார்க்கப் போன ஞாயிறு. அவர்கள் குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்குப் போன ஞாயிறு. அந்த வீடு பூட்டிக் கிடந்த நாளில்தான் என் வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறார். பத்து நிமிஷமும் ஐம்பது நிமிஷமும் இதில் எங்குமே இல்லை. தற்செயலாக ஒத்துப் போன ஒரு விடையை நான் இத்தனை வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வெயில் ஏறியபோது மண் ரோட்டில் அம்மா வருவது தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் கூடை. நான் கடைக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஈப்போ பஸ் வந்து நின்றது. அம்மா குனிந்து செருப்பைக் கழற்றி, அதில் இல்லாத கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். பஸ் போகிற சத்தம் அடங்கும் வரை தலையை நிமிர்த்தவில்லை.

எழுந்து போய் முன்னால் நின்றேன்.

"கல்லு விழுந்துச்சாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீ எப்ப வந்த?"

"எந்த பஸ்ஸு முதல்ல வருதோ அதுலன்னு சபையில சொன்ன."

"சொன்னேன். ரெண்டு எருமையும் முட்டிக்கிட்டு நின்னா வேற என்னாத்தச் சொல்றது?"

"அங்க அப்படி என்னாம்மா இருக்கு? பலகை வீடு. ஒழுங்கா ஒரு நாற்காலி இல்ல. எங்கிட்ட என்னா கொற வெச்சேன்? ரூம் இருக்கு, ஃபேன் இருக்கு, புது மெத்த போட்டிருக்கேன்."

"ஒரு கொறயும் இல்லடா. அதான். உன் வீட்டுல எனக்கு என்னா வேல? ஒரு தட்டக் கழுவப் போனா 'வெச்சிருங்கத்த'ங்குது உன் பொண்டாட்டி. துணிய அந்த மெஷின் தொவைக்குது. கைய மடியில வெச்சிக்கிட்டு டிவி பாக்கணும். நீ வந்து ஒரு கணக்குப் போடுவ. நான் முழிப்பேன். நீயே விடையும் சொல்லுவ."

"வேல செய்யவாம்மா புள்ள வீட்டுக்குப் போறது? ஆறு நாள் வேல செய்ற, ஒரு நாள் உக்காரேன்."

"அங்க நான் போகலன்னா திங்கக்கெழம அந்தப் புள்ளைங்க அழுக்குச் சட்டையோட பள்ளிக்கூடம் போகும். இங்க நான் வரலன்னா கறிதானே மிஞ்சும்?"

அந்தக் கறியை எவ்வளவு நேரம் சூடு பண்ணிப் பண்ணி வைத்திருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். கார் சாவியை எடுத்தேன்.

"கார்ல ஏறு. இன்னிக்கு ஒரு நாள் ஈப்போ போலாம்."

"பெரியவளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஏதோ விளையாட்டாம். சட்டைக்குக் கஞ்சி போடணும்." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கொஞ்சம் குரலை இறக்கினார். "ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போடுற? உங்கப்பனுக்கு மூத்தவன் கொள்ளி போட்டான். எனக்கு நீதானே? கடைசியில உங்கிட்டதானே வரப் போறேன்."

சிப்புட் பஸ் வந்தது. கால் மரத்துப் போகவில்லை. ஏறிப் போய்விட்டார்.

அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். எங்கள் வழக்கம் அது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆறுதலுக்குச் சொன்னார் என்று நானா சொன்னார். என்ன ஆறுதல்? உயிரோடு இருக்கிற ஞாயிறு எல்லாம் அவனுக்கு, செத்துப் போகிற நாள் எனக்கு. இப்படிப் பங்கு போட்ட ஒருவரை நான் வேறு எந்தப் புதிரிலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போடவில்லை. கடையைத் திறந்து வைத்தேன். ஞாயிறன்று பஞ்சராகிற லோரிகளுக்கு உதவியாக இருந்தது. அம்மா வந்தால் சாப்பாடு இருந்தது. வந்தது குறைவு.

தோட்டம் கைமாறியது. ஆயாக்கொட்டகையைப் பூட்டினார்கள். லயத்தை விட வேண்டிய நாள் வந்தபோது அம்மா தன் பெட்டியோடு எந்தப் பக்கம் போனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்கூடத் தேவைப்படவில்லை, அண்ணன் ஆலை லோரியைக் கொண்டு வந்திருந்தான். எண்பதுகள் முடிகிற சமயம் அங்கேயே, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சாய்ந்து உயிரை விட்டுவிட்டார்.

என் வீட்டிலிருந்து எடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "இதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நீ சொன்னபடி செய்வோம்," என்றான் அண்ணன். அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனால் பெரியவர்கள் விடவில்லை. உயிர் போன வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், பிணம் வீடு மாறக்கூடாது என்றார்கள். சரி என்றேன். மொட்டை அடித்துக்கொண்டு, குடம் சுமந்து, அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன். "குடுத்து வெச்சவன்பா, ஆத்தாளுக்கு நீ வெச்ச" என்று தோளைத் தட்டினார்கள். அந்தப் பக்கம் திரும்பினால், அண்ணன் பிள்ளைகள் கும்பலாக நின்று தேம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா வெளுத்தது.

இன்றைக்கும் கோப்பிக் கடையில் புதிர் போடச் சொன்னால் அந்த பஸ் புதிரைத்தான் முதலில் போடுகிறேன். ஒரு ஆள், சந்தியில் நிற்கிறான். மணிக்கு ஒரு பஸ் அந்தப் பக்கம், மணிக்கு ஒரு பஸ் இந்தப் பக்கம். ஆறில் ஐந்து முறை ஒரே வீட்டுக்குப் போகிறான். ஏன்? தலையைச் சொறிவார்கள். பத்து நிமிஷம், ஐம்பது நிமிஷம் என்று சொன்னதும் வாயைப் பிளப்பார்கள். கை தட்டுவார்கள். நேரம் மாறிய கதையை நான் சொல்வதில்லை.

ஒரு முறை மட்டும், புதிதாக வந்த ஒரு லோரிக்காரன் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அந்த ஆளுக்கு அந்த வீடுதான் புடிச்சிருந்தா? மத்த பஸ்ஸ வேணும்னே வுட்டுட்டா?"

"கணக்குல அப்படி ஒரு ஆளு கெடையாதுடா," என்றேன்.

"இல்லண்ணே, ஒரு பேச்சுக்கு..."

"கெடையாதுன்னா கெடையாது. தேத்தண்ணியக் குடி."